குறிபார்க்கும் தொலைநோக்கி: பழைய படை ரைபிள்களில் அதன் பழுதும் பரிகாரமும்

குறிபார்க்கும் தொலைநோக்கி என்பது துப்பாக்கியின் உடலோடு பிணைக்கப்பட்டு, தொலைவிலுள்ள இலக்கையும் குறியடையாளத்தையும் ஒரே தளத்தில் அமைத்துச் சுடுபவனின் கண்ணுக்கு ஒருங்கே தெளிவாகக் காட்டும் கருவியாகும். சிப்பாய்கள் இதனை 'ஸ்கோப்' என்பர். இந்தியச் சேனையில் இவ்வகையிற் புகழ்பெற்றது, இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டன் உருவாக்கி, 1947-க்குப் பின்னரும் இந்நாட்டில் பயன்பட்டு வந்த '4-ஆம் எண், முதல் மாதிரி (டி)' என்னும் .303 ரைபிளின்மேல் அமர்ந்த 32-ஆம் எண் தொலைநோக்கி ஆகும். பழைய படைத் தளவாடமாக உலகெங்கும் பின்னர் விலைபோனதும் அதுவே ஆதலின், இக்கட்டுரை அதனையே முதன்மையாகக் கொள்கிறது.

பிரென் என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கிக்கென முதலில் திட்டமிடப்பெற்ற இத்தொலைநோக்கி, 1942 அளவில் ரைபிளுக்கு ஏற்கப்பட்டது. இலக்கை மும்மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இதன் குறியடையாளம், கீழிருந்து எழும் ஒரு கூர்முனைத் தூணும் குறுக்கே ஓடும் ஒரு கம்பியுமே. தொழிற்சாலையில் நன்கு சுட்டதெனப் பொறுக்கியெடுக்கப்பட்ட ரைபிள்கள் ஹாலண்டு அண்டு ஹாலண்டு என்னும் ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே ரைபிளின் இடப்புறத்தில் இரண்டு இரும்புத் திண்டுகள் திருகப்பட்டு, அவற்றுக்கு இயைய ஒரு தாங்கி இழைத்துப் பொருத்தப்பட்டது. ரைபிளின் எண் தாங்கியிலும், தொலைநோக்கியின் எண் ரைபிளின் கட்டையிலும் பொறிக்கப்பட்டதற்குக் காரணம், இம்மூன்றும் ஒன்றுக்கொன்று தனித்தனியே இசைவிக்கப்பட்டவை என்பதே. உபரிச் சரக்காகக் கைமாறியபோது இவ்விணைகள் பிரிந்து, ஒன்றின் தாங்கி மற்றொன்றில் ஏறின. ஆகவே பழுதறிவோன் முதலில் எடுக்க வேண்டியது திருப்புளியன்று, பூதக்கண்ணாடி. எண்கள் பொருந்தவில்லையென்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

குறி தவறுகிறது என்ற மாத்திரத்தில் கண்ணாடியைக் குற்றவாளியாக்குவது பொதுவழக்கம். தேர்ந்த ஆர்மரர் (படைக்கலம் பழுதுபார்ப்பவர்) நேர்மாறான திசையில் தொடங்குவார். தொலைநோக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, இரும்புக் குறியால், ஒரே தொகுதியைச் சேர்ந்த தோட்டாக்களைக் கொண்டு சில குண்டுகள் சுட்டுப் பார்ப்பார். அப்போதும் குண்டுகள் சிதறினால் தோஷம் தொலைநோக்கியில் இல்லை. தேய்ந்த குழலிலோ, அடிபட்ட குழல்வாயிலோ, முன்கட்டையிலோ இருக்கிறது. இந்த மாதிரியில் முன்கட்டையானது முனையருகே குழலைச் சில பவுண்டு அழுத்தத்துடன் மேல்நோக்கித் தாங்கும்படி இழைக்கப்பட்டது. மரம் ஈரத்தில் வீங்கினாலும் வெயிலில் சுருங்கினாலும் அவ்வழுத்தம் மாறி, குண்டு இடம் மாறும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் சித்திரை, வைகாசியில் செம்மண் வெடிக்கும் வெயிலும் காணும், புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடி போன்ற நிலப்பகுதியில், ஒரு பருவத்தில் சரிசெய்த குறி மறுபருவத்தில் பிசகுவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரும்புக் குறியில் ஒழுங்காகச் சுட்டு, தொலைநோக்கியில் மட்டும் தவறினால், அடுத்த சந்தேகம் திண்டுகளின் மேலும் தாங்கியின் மேலும் செல்ல வேண்டும். ஒவ்வொரு வெடியின் அதிர்ச்சியையும் தாங்குவது முன்திண்டே. அதன் திருகுகள் தளர்வதே இந்த ரைபிளின் பெயர்பெற்ற நோய். தொலைநோக்கியைப் பற்றி மெல்ல அசைத்தபடி, திண்டும் உடலும் சேரும் கோட்டில் விரல்நகத்தை வைத்தால், கண்ணுக்குப் புலப்படாத ஆட்டமும் நகத்துக்குப் புலப்படும். தளர்ந்த திருகுகளைக் கழற்றி, எண்ணெய்ப் பசையை முற்றிலும் நீக்கி, மீண்டும் இறுக்கி, தலைவிளிம்பைத் தட்டி நிலைநிறுத்துவதே முறையான பரிகாரம். தாங்கியின் இரண்டு கைத்திருகுகளையும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விசையோடு முறுக்க வேண்டுமென்பது சிறிய செய்தியாகத் தோன்றினும், கழற்றி மாட்டியபின் குறி மாறுகிறது என்னும் புகார்களுட் பல இங்கேயே தீர்ந்துவிடும்.

இனி உருளைகள். மேலுள்ள உருளை தூரத்துக்கும் பக்கவாட்டிலுள்ளது காற்றுக்கும் உரியவை. தூர உருளை 1000 கெஜம் வரை அளவிடப்பட்டது. தொலைநோக்கியின் முதல் மாதிரியில் அது 50 கெஜத்துக்கு ஒரு சொடுக்காக நகர, பிந்திய மாதிரிகளில் கோணத்தின் ஒரு கலைக்கு ஒரு சொடுக்காயிற்று. ஒரு கலை என்பது 100 கெஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம். உருளையைத் திருகும்போது குறியடையாளமே இடம்பெயருவதால், தூண் வட்டத்தின் நடுவே நில்லாமல் ஒதுங்கித் தெரியலாம். இக்காலத் தொலைநோக்கிகளில் பழகியவர் இதைக் கண்டு பழுதென்று மயங்குவதுண்டு. சிறிது ஒதுங்கல் இயல்பு. ஓரத்துக்கே போய்விட்டதாயின் தாங்கி இந்த ரைபிளுக்குரியதன்று என்று ஐயுறலாம். மரை தேய்ந்த உருளையில், திருகியும் அடையாளம் உடனே அசையாமல், ஒரு வெடிக்குப் பின் திடீரெனத் தாவும். வேண்டிய அளவைக் கடந்து சற்றுத் திருகி, எப்போதும் ஒரே பக்கத்திலிருந்தே திரும்பி வந்து நிறுத்தினால் இக்குறை பெரும்பாலும் அடங்கும். ஐயம் தீராவிடில், ஒரே புள்ளியைக் குறிபார்த்துக்கொண்டே சம எண்ணிக்கையான சொடுக்குகளை மேலே, வலமே, கீழே, இடமே என வைத்துச் சுட வேண்டும்; கடைசிக் குண்டு முதற்குண்டின் அருகே வந்து சதுரம் மூடுமாயின் உருளைகள் குற்றமற்றவை.

இப்பரீட்சைகளை எங்கே செய்வது என்பது சிறிய கேள்வியன்று. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி .303 ரைபிள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்ட வகை; ஆதலால் நம் நாட்டில் இவ்வேலை படை, காவல்துறை ஆர்மரர்களுக்கே உரியது. அவர்களுக்கும் உயர்ந்த மண்மேடும் காவலும் உள்ள களம் வேண்டும். இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், நார்த்தாமலைக்கு அண்மையிலுள்ள பசுமலைப்பட்டிப் பயிற்சிக் களத்தருகே, 2021 டிசம்பரில் குண்டு பாய்ந்து ஒரு சிறுவன் சில நாட்களில் உயிரிழந்தான். களத்தின் எல்லையைப் பற்றிய விதிகளைச் சம்பிரதாயம் என்று எண்ணுவோர் அச்செய்தியை ஒருமுறை வாசிப்பது நலம்.

இவ்வளவும் கடந்த பின்னரே கண்ணாடி. அக்காலத்து வில்லைகள் கனடா பால்சம் என்னும் மரப்பிசினால் இரண்டிரண்டாக ஒட்டப்பட்டவை. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசின் மஞ்சளித்து, ஓரத்திலிருந்து பிரிந்து, வானவில் நிறம் காட்டும். பிரித்து மீண்டும் ஒட்டுவது ஒளியியல் தொழிலாளியின் வேலை. அதனினும் கொடியது பூஞ்சை. ஈரக்காற்றில் சிலந்தி வலைபோலப் படர்ந்து, அமிலம் சுரந்து, கண்ணாடியையே அரித்துவிடும். அரித்த வடு எதனாலும் போகாது. பர்மா முதலிய வெப்பநாட்டுப் போர்முனைகளில் தொலைநோக்கிகளைக் குருடாக்கியவற்றுள் இதுவும் ஒன்று. தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாதலால் அதில் நெடுநாள் வைத்தல் கூடாது. சிலிக்கா ஜெல் இட்ட இரும்புப் பெட்டியே ஏற்றது, அந்த ஜெல்லையும் அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும். உள்ளே திறந்தே ஆகவேண்டுமெனில், ஒவ்வொரு வில்லையையும் வெளியே எடுக்குமுன் அதன் முன்பக்கம் எதுவென்று விளிம்பில் பென்சிலால் அடையாளமிட வேண்டும். திருப்பி மாட்டிய வில்லை தெளிவற்ற உருவமே தரும், அதைப் பிசினின் குற்றமென்று எண்ணி மறுபடியும் பிரிப்பவர்கள் நல்ல கண்ணாடியையும் கெடுத்துவிடுவர்.