ஓடு மட்டும் ஏறி வந்த ஊர்: சேலம், நாமக்கல் சமவெளியில் சிப்பியின் தடம்

சேலம் நகரின் நடுவே ஓடும் ஆற்றுக்குத் திருமணிமுத்தாறு என்று பெயர். சேர்வராயன் மலையில் பிறந்து, நகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. பெயரில் மணியும் உண்டு, முத்தும் உண்டு. தண்ணீரில் இன்று மிதப்பது சாயக் கழிவும் சாக்கடையும்தான். இதே ஊரின் காய்கறிக் கடையில் 'சிப்பி' இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் சிப்பிக்காளான் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். வைக்கோலில் முளைக்கும் அந்தக் காளானுக்குப் பெயர் கொடுத்ததே கடலின் சிப்பி. பெயரைக் கொடுத்த உயிரைத் தட்டில் கண்டவர்கள் இந்த வட்டாரத்தில் மிகச் சிலர்.

அப்படியானால் சிப்பி இங்கே வரவே இல்லையா? வந்தது, வந்துகொண்டும் இருக்கிறது. ஆனால் சதை கடற்கரையிலேயே நின்றுவிட்டது. ஓடு மட்டும் மேட்டுநிலம் ஏறியது. தமிழ்நாட்டுக் கழிமுகங்களில் விளையும் உண்ணும் சிப்பியைப் பிளந்து எடை போட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் சதை. உலகின் சமையல் நூல்கள் அந்த ஒரு பங்கைப் பற்றிப் பேசுகின்றன. சேலமும் நாமக்கல்லும் மீதி ஒன்பது பங்கோடு வாழ்ந்த கதை எழுதப்படவில்லை.

முதலில் சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பழந்தமிழில் 'இப்பி' என்றால் முத்து தரும் சிப்பி. கன்னியாகுமரிக் கரையில் இன்று 'சிப்பி' என்று குழம்பு வைப்பது பாறையில் ஒட்டி வளரும் நீள்வடிவ உயிர். ஐரோப்பியர் தட்டில் வைக்கும் ஆய்ஸ்டர் வேறு. 'மட்டி' என்பது மணலில் புதைந்து வாழும் இனம். 'கிளிஞ்சல்' என்றால் பெரும்பாலும் ஓடு. உள்ளே எது இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆய்ஸ்டர் வகையில் நம் கரைக்கு உரியதன் அறிவியல் பெயர் கிராசோஸ்ட்ரியா மட்ராசென்சிஸ். 1916-இல் பிரெஸ்டன் என்பவர் இட்டது. சென்னையின் பெயரைச் சுமந்த ஒரு சிப்பி, தமிழனின் சாப்பாட்டுப் பட்டியலில் இடம் பிடிக்கவில்லை என்பது சற்று வேடிக்கையானதுதான்.

இதற்கு முத்தின் மேல் பழி போடத் தோன்றுகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் அள்ளிவந்த சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவார்கள். சதை புழுத்துக் கரைந்த பிறகு கழுவி அரித்து முத்தை எடுப்பார்கள். முத்துச்சிப்பி ஆய்ஸ்டருக்குத் தூரத்து உறவுதான், குடும்பமே வேறு. இருந்தாலும் சிப்பி என்றால் உள்ளிருக்கும் மணி, சதை என்றால் நாற்றம் என்ற எண்ணம் பிறக்க அந்த அழுகல் குவியல்கள் போதும். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973-இல் அங்கேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் செயற்கையாக முத்து விளைவித்துக் காட்டினார்கள். அந்தச் செய்தியிலும் கதாநாயகன் முத்தே.

கடலுக்கு அப்பால் கதை வேறு. கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ஜியஸ் ஒராட்டா என்ற ரோமானியர் லுக்ரைன் ஏரியில் சிப்பிப் படுகை அமைத்துப் பணம் பார்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் அது ஏழைகளின் தெருவோரத் தீனி. படுகைகள் வற்றிய பிறகுதான் பணக்காரர் மேசைக்கு ஏறியது. நியூ ஆர்லியன்ஸின் அந்துவான் உணவகத்தில் 1899-இல் பிறந்த 'ராக்ஃபெல்லர் ஆய்ஸ்டர்', பிரான்சிலிருந்து நத்தை வரத்து குறைந்ததால் அதற்கு மாற்றாக வைத்த பண்டம் என்று சொல்லப்படுகிறது. பச்சை இலைகளை அரைத்த விழுதும் வெண்ணெயும் மேலே பூசி, ஓட்டோடு சுட்டுத் தருவார்கள். நம் ஊர்ப்பக்கம் மூலத்துக்கு நல்லது என்று வயல் நத்தையைத் தேடிப்போய்ச் சமைப்பவர்களுக்கு, நத்தைக்கு மாற்றாகச் சிப்பி என்ற கணக்கு எளிதில் புரியும்.

சென்னை மாகாணத்தில் சிப்பி வளர்ப்பைத் தொடங்கிவைத்தது அரசாங்கம். மீன்வளத் துறைக்கு அடித்தளம் போட்ட பிரெடெரிக் நிக்கல்சன் கடற்கரைக்காரர் அல்லர்; 1887-இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர், கொங்கு நாட்டின் கிணற்றையும் கம்பையும் கணக்கெடுத்தவர். அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹார்னெல், அதற்கு முன் இலங்கையின் முத்துப் படுகைகளை ஆராய்ந்தவர். பிரான்சின் அர்க்கஷோன் வளைகுடாவில் சிப்பி வளர்க்கும் முறையைப் பார்த்து, அதில் இந்தியாவுக்கு என்ன பாடம் என்று 1910-இல் எழுதினார். பழவேற்காடு ஏரியில் சோதனைப் பண்ணையும் அமைந்தது. அன்றைக்கு வாங்கித் தின்னக்கூடியவர்கள் சென்னையின் வெள்ளைக்காரர்கள்தாம். அவர்கள் மேசைக்கு அப்பால் அது நகரவில்லை.

பிறகு நீண்ட இடைவெளி. 1970-களில் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் மறுபடி தொடங்கியது. கூரை ஓடுகளுக்குச் சுண்ணாம்பு பூசிக் கடலில் அடுக்கி வைப்பார்கள். நீந்தித் திரியும் குஞ்சுகள் அதில் ஒட்டிக்கொள்ளும். வளர்ந்ததும் சுரண்டியெடுத்துத் தட்டுகளில் பரப்பி, கழிகளில் கட்டிய பரணில் வைப்பார்கள். வளர்ப்பு முறை தேறியது. அறுவடைக்குப் பின் சுத்தமான கடல்நீரில் வைத்து அழுக்கை உமிழவிடும் முறையும் தேறியது. தேறாதது சந்தை. இதே நுட்பம் 1990-களில் கேரளத்தின் அஷ்டமுடிக் காயலுக்குப் போனபோது, அங்கே ஏற்கெனவே 'முரிங்ங' என்று பெயர் சொல்லி, தேங்காய்ப் பல்லோடு வறுத்துத் தின்னும் வழக்கம் இருந்தது. நாக்கு காத்திருந்த இடத்தில் பண்ணை நிலைத்தது. தமிழ்நாட்டில் நாக்கைத் தயார் செய்யாமல் சிப்பியைத் தயார் செய்தோம்.

மேற்கே உள்நாட்டுச் சமவெளிக்கு அது வராமல் போனதற்கு ருசியைக் குறை சொல்ல முடியாது. சிப்பி உயிரோடு இருக்கும் வரையில்தான் நம்பிச் சாப்பிடலாம். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் சில நாள் வாய் மூடிப் பிழைத்திருக்கும். வெயிலில் வாய் திறந்துவிடும். சேலத்தின் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொட்டுப் போகிறது. ரயில் 1860-களின் தொடக்கத்திலேயே சேலத்துக்கு வந்துவிட்டது, ஆனால் பனிக்கட்டிப் பெட்டியோடு வரவில்லை. இவ்வளவுக்கும் சேலத்துக்கும் கடற்கரைக்கும் நீர்வழி உறவு உண்டு. ஆத்தூர் பக்கம் பெய்யும் மழை வசிஷ்ட நதியாகி, வெள்ளாற்றில் விழுந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அந்தக் கழிமுகத்தில் சிப்பிப் படுகைகள் இருக்கின்றன. உப்பும் நன்னீரும் கலந்த இடம்தான் சிப்பிக்குப் பிடிக்கும். சேலம் மாவட்டத்து மழைநீர் பரங்கிப்பேட்டைச் சிப்பியை வளர்க்கிறது. சேலத்துக்காரர் அதை அறியார்.

ஓடு வேறு பாதையில் வந்தது. முதல் வாசல் வெற்றிலை. பரமத்தி வேலூரின் காவிரிக்கரைக் கொடிக்கால்கள் தமிழ்நாடு முழுக்கப் பெயர் பெற்றவை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வேண்டும். கல்லைச் சுட்ட சுண்ணாம்பில் நறநறப்பு இருக்கலாம். கிளிஞ்சலைச் சுட்டது வெள்ளையாக, மெத்தென்று இருக்கும், ஆகவே தாம்பூலத்துக்கு அதற்குத்தான் மதிப்பு. காளவாசலில் கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கித் தீ மூட்டினால் கரியமில வாயு பிரிந்து சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் தெளித்தால் சீறிப் பொடியும், அதுதான் நீற்றல். அந்த வெண்ணெய்ச் சுண்ணாம்பை நுனிவிரலில் தொட்டு வெற்றிலையின் முதுகில் தடவிய தாத்தாவுக்கு, தான் கடல் உயிரின் வீட்டைத் தின்கிறோம் என்ற நினைப்பு வந்திருக்காது. சைவச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்ட தாம்பூலம் அது என்பது தனி வேடிக்கை. சித்த மருத்துவத்தின் முத்துச்சிப்பி பற்பமும் இதே வாசலில் நுழைந்ததுதான்.

இரண்டாம் வாசல் கோழி. இங்கேதான் கதை பெரிதாகிறது.

1970-கள் தொட்டு நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணைகள் பெருகின. 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. 1985-இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரத்துக்கு ஐந்து முட்டை. இன்று அந்த வட்டாரத்தில் நாளொன்றுக்கு 5 கோடிக்கும் மேல் முட்டை விழுகிறது. ஒரு முட்டையின் ஓடு ஐந்து கிராமுக்குக் குறையாது, அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். பெருக்கிப் பார்த்தால் நாள்தோறும் 250 டன் ஓட்டை அந்தக் கோழிகள் கட்டி எழுப்புகின்றன. சிப்பி தன் வீட்டைக் கட்டுவதும் அதே சரக்கால்தான்.

இவ்வளவு சுண்ணாம்பும் தீவனத்தில்தான் போக வேண்டும். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை; 1963 முதல் அங்கே சிமென்ட் ஆலையே ஓடுகிறது. தீவனத்தில் கல் தூளும் சேர்கிறது, கிளிஞ்சல் குருணையும் சேர்கிறது. குருணைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கோழி ஓட்டைக் கட்டுவது பெரும்பாலும் இரவில். தூளாகத் தின்ற சுண்ணாம்பு மாலைக்குள் குடலைக் கடந்துவிடும். பருமனான குருணை அரைவைப்பையில் தங்கி, கோழி தீனி எடுக்காத இரவு முழுக்க மெல்லக் கரைந்து கொடுக்கும். இது குறைந்தால் விழுவது தோல்முட்டை. கையில் எடுத்தால் குழையும், தட்டில் அடுக்க முடியாது, லாரி ஏறாது. கடற்கரையில் குப்பையாய்க் கிடந்த கிளிஞ்சல் இப்படித்தான் திருச்செங்கோட்டுச் சாலையில் மூட்டையாக இறங்கியது. அது நாமக்கல்லுக்கு ஓடாக வந்தது, வேறொரு ஓடாக ஊரைவிட்டுப் போகிறது.

முட்டையும் சிப்பியும் சேரும் இடங்கள் உலகில் வேறும் உண்டு. செட்டிநாட்டுச் சுவர்களின் பளபளப்புக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் போனது. கலிபோர்னியாவில் தங்க வேட்டை நடந்த 1849-ஐ ஒட்டி, ஹேங்டவுன் என்ற மலையடிவாரச் சுரங்க ஊரில் சிப்பியும் முட்டையும் பன்றிக்கறியும் சேர்த்து ஒரு பொரியல் பிறந்ததாகச் சொல்வார்கள். அங்கே அந்த நாளில் விலை கூடிய பண்டங்கள் எவையோ அவை எல்லாம் ஒரே சட்டியில். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சீனர் கடைகளில் 'ஓ ச்சியன்' கிடைக்கும்: கிழங்கு மாவுக் கரைசலை அகலச் சட்டியில் ஊற்றி, முட்டை உடைத்துவிட்டு, சிறு சிப்பிகளைத் தூவி, விளிம்பு மொறுமொறுக்க, நடு வழவழக்க எடுப்பது. மலேசியத் தமிழர்களும் காரச் சட்னியோடு விரும்பி உண்பது. 2022-இன் இறுதியில் மலேசியாவில் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது நாமக்கல் முட்டை அங்கே கப்பலேறியது. கிளிஞ்சல் தின்ற கோழியின் முட்டை, பினாங்குச் சட்டியில் சிப்பிச் சதையைச் சந்தித்திருந்தால் வியப்பில்லை.

சமவெளிக்குச் சதையும் வர வேண்டுமானால் எலுமிச்சை பிழிந்து பச்சையாக உறிஞ்சும் பாரிஸ் வழக்கத்தைக் கூட்டிவர வேண்டியதில்லை. நம் வெப்பத்தில் அது ஆபத்தும்கூட. நீரை வடிகட்டித் தின்னும் உயிர், நீரிலுள்ள கிருமியையும் சேர்த்துவைக்கும். வேகவைத்துச் சதையை எடுத்து, உறையவைத்து அனுப்பினால் போதும், மீதியை நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தின் சமையல் பார்த்துக்கொள்ளும். கோழிக்கும் காளானுக்கும் அங்கே செய்வதையே செய்யலாம்: நல்லெண்ணெயில் விதை உதிர்த்த காய்ந்த மிளகாய், கைநிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல் பல்லாக நறுக்கிய தேங்காய், மஞ்சள், உப்பு. மசாலாப் பொடி எதுவும் வேண்டாம். சிப்பியில் கடலுப்பு ஏற்கெனவே இருப்பதால் உப்பை மட்டும் கை அடக்கிப் போட வேண்டும். வெங்காயம் சுருண்ட பிறகு சதையைப் போட்டு நான்கு புரட்டு. அதற்கு மேல் அடுப்பில் நின்றால் ரப்பராகிவிடும். கேரளத்துத் தேங்காய்ப் பல் வறுவலுக்கும் இதற்கும் இடையே ஒரு பாலக்காட்டுக் கணவாய்தான் தூரம். ஓட்டோடு வாங்குபவருக்கு எடையில் பெரும்பகுதி ஓடாகவே மிஞ்சும். நாமக்கல்லில் அதை வாங்க ஆள் தேட வேண்டியதில்லை.