1219: ரத்தக்காட்டேரி சீரியலில் தொலைஞ்சு போன அரை மணி நேரம்

ரத்தக்காட்டேரி சீரியல்னு சொன்னதும் நம்ம மக்களுக்கு ஞாபகம் வர்றது 'பஃபி', 'ட்ரூ பிளட்', 'வேம்பயர் டயரீஸ்' வகையறாதான். வெளுத்த முகம், தீராத காதல், அதைவிடத் தீராத குற்ற உணர்ச்சி. இந்தக் குடும்பத்துக்கெல்லாம் ஒரு கொள்ளுத்தாத்தா இருக்கார். பேரு பர்னபஸ் காலின்ஸ். பிறந்த வீடு அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி. பிறந்த வருஷம் 1967. சீரியல் பேரு 'டார்க் ஷேடோஸ்'.

இந்தப் பதிவு அவரைப் பத்தியும், அவரைச் சாகவிடாம ரெண்டு தடவை காப்பாத்தின ரசிகர் கூட்டத்தைப் பத்தியும். கொஞ்சம் நீளம்தான். டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

காட்டேரி இல்லாத காட்டேரி சீரியல்

'டார்க் ஷேடோஸ்' 1966 ஜூன் 27 அன்னிக்கு ஆரம்பிச்சப்போ அதுல காட்டேரியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. தயாரிப்பாளர் டான் கர்ட்டிஸுக்கு ஒரு கனவு வந்ததாம். ரயிலில் ஒரு இளம்பெண் தனியாப் போய்க்கிட்டு இருக்கா. அதை வச்சே கதை பண்ணிட்டார். விக்டோரியா விண்டர்ஸ்னு ஒரு அனாதைப் பொண்ணு, மெய்ன் மாநிலத்தில் கடலோரமா இருக்கற ஒரு பழைய மாளிகைக்கு வேலைக்கு வர்றா. மாளிகைக்குள்ள ரகசியம், பெருமூச்சு, மூடின கதவு. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் அரை மணி நேரம். நம்ம மெகா சீரியல் மாதிரியேதான், மாமியார் மட்டும் மிஸ்ஸிங்.

பார்க்க ஆளில்லை. சீக்கிரமே இழுத்து மூடிடுவாங்கங்கற நிலைமை. எப்படியும் போகப் போகுது, போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பயமுறுத்திட்டாவது போகலாமேன்னு கர்ட்டிஸ் பேயை இறக்கினார். கூட்டம் லேசா நிமிர்ந்து உக்காந்தது. அடுத்து காட்டேரி.

1967 ஏப்ரல் 17, எபிசோடு 210. புதைச்சு வச்ச நகை கிடைக்கும்னு வில்லி லூமிஸ்ங்கற பேட்டை ரவுடி ஒரு கல்லறைக்குள்ள நுழையறான். சங்கிலி போட்டுக் கட்டின சவப்பெட்டி ஒண்ணு இருக்கு. திறக்கறான். உள்ளேயிருந்து ஒரு கை வந்து கழுத்தைப் பிடிக்குது. மறுநாள் மாளிகை வாசலில் தொப்பியும் கைத்தடியுமா ஒரு ஆள் நின்னுக்கிட்டு, நான் இங்கிலாந்திலிருந்து வர்ற உங்க சொந்தக்காரன்னு பவ்யமா அறிமுகம் பண்ணிக்கறார். அவர்தான் பர்னபஸ்.

முதல் தடவை: கடிதம்

பர்னபஸா நடிச்ச ஜொனாதன் ஃப்ரிட் கனடாக்காரர். ஷேக்ஸ்பியர் நாடகமெல்லாம் போட்ட மேடை நடிகர். ஏதாவது கல்லூரியில் நாடகம் சொல்லித் தரப் போகலாம்னு யோசனையில் இருந்தவர். சில வார வேலை, கையில் கொஞ்சம் காசுன்னு நினைச்சுதான் இதை ஒத்துக்கிட்டார். கர்ட்டிஸ் திட்டமும் அதேதான். காட்டேரி வருவார், நாலு பேரைக் கடிப்பார், நெஞ்சில் கட்டையை இறக்கி முடிச்சுடலாம்.

முடிக்க விடலை மக்கள். மூட்டை மூட்டையா கடிதம். இல்லத்தரசிகள் எழுதினாங்க, கல்லூரிப் பசங்க எழுதினாங்க. எல்லாரையும்விட அதிகமா ஆர்வம் காட்டினது பள்ளிக்கூடப் பிள்ளைங்க. சீரியல் ஓடினது சாயங்காலம் மூன்றரை, நாலு மணி வாக்கில். பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப்பையோட வீட்டுக்கு ஓடி டிவி முன்னாடி விழுந்த ஒரு தலைமுறையே அங்கே உண்டு. நியூயார்க்கில் மேற்கு 53ஆம் தெருவில் இருந்த ஸ்டூடியோ வாசலில் நடிகர்களைப் பார்க்கக் கூட்டம் நிக்கும்.

இங்கேதான் எனக்குச் சுவாரஸ்யமே. இத்தனை பேருக்குப் பிடிச்ச ஆளைக் கொல்ல முடியாது. கொல்லாம வச்சுக்கணும்னா அவனை வெறும் வில்லனாவும் வச்சுக்க முடியாது. அதனால 1967 கடைசியில் கதையை அப்படியே 1795க்குத் தூக்கிட்டுப் போனாங்க. பர்னபஸ் எப்படிக் காட்டேரி ஆனார்? ஏஞ்சலிக்னு ஒரு சூனியக்காரி காதல் தோல்வியில் விட்ட சாபம். ஆக மனுஷன் விரும்பி கடிக்கலை, விதி கடிக்க வைக்குது. தன்னைத் தானே வெறுக்கற காட்டேரி, மறுபடி மனுஷனா மாற ஏங்கற காட்டேரிங்கற ஆளைத் தொலைக்காட்சியில் பெரிய அளவுல நிலைக்க வச்சது இதுதான். பின்னாடி வந்த எல்லா சோகக் காட்டேரிக்கும் விதை இங்கேதான் விழுந்தது. போட்டது யாருன்னு கேட்டா, எழுத்தாளர்கள் பாதி, கடிதம் எழுதினவங்க பாதின்னு சொல்லுவேன்.

அப்புறம் என்ன, ஒரே திருவிழாதான். ஓநாய் மனுஷன், இணை உலகம், காலப் பயணம்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் உள்ளே தள்ளினாங்க. 32 நாவல் வந்தது, காமிக்ஸ் வந்தது, இருட்டில் ஒளிரும் கோரைப்பல்லோட ஒரு விளையாட்டுப் பெட்டி வந்தது. இசைத்தட்டு 1969ல் அமெரிக்கப் பட்டியலில் முதல் 20க்குள்ள போச்சு.

இத்தனைக்கும் தயாரிப்பு மகா பாவம். வீடியோ டேப்பை வெட்டி ஒட்டறது செலவு பிடிச்ச வேலைங்கறதால, நாடகம் மாதிரி ஒரே ஓட்டமா எடுத்துடுவாங்க. ஃப்ரிட் வசனத்தை மறந்துட்டு ஓரமா இருக்கற வசனப் பலகையைத் தேடுவார். மைக் நிழல் சுவத்துல ஆடும். உருக்கமான காட்சியில் ஈ வந்து மூஞ்சியில் உக்காரும். அப்படியே ஒளிபரப்பாகும். ரசிகர்கள் இதையும் சேர்த்தேதான் நேசிச்சாங்க.

மூடுவிழா

1970ல் இருந்து பார்க்கற கூட்டம் குறைய ஆரம்பிச்சது. அந்த வருஷம் வந்த சினிமா பதிப்பில் ரத்தம் கொஞ்சம் ஓவர். அதைப் பார்த்துட்டுப் பெத்தவங்க பிள்ளைங்களைத் தடுத்ததும் ஒரு காரணமா சொல்றாங்க. இன்னொரு காரணம் வியாபாரம். பகல்நேர சீரியலுக்குக் காசு கொடுக்கறது சோப்பு, சலவைப்பொடி கம்பெனிகள். பத்து வயசுப் பையன் எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் அவன் சலவைப்பொடி வாங்கப் போறதில்லை.

1971 ஏப்ரல் 2, கடைசி எபிசோடு. பர்னபஸ் அதுல இல்லவே இல்லை. கதை இணை உலகத்துக்குப் போயிருந்தது, ஃப்ரிட் வேற பாத்திரத்தில் நடிச்சுக்கிட்டு இருந்தார். கழுத்தில் காயத்தோட ஒரு பொண்ணு வர்றா, கடிச்சது ஏதோ மிருகம், காட்டேரி எதுவும் இல்லைன்னு பின்னணிக் குரல் சொல்லி சுபம் போட்டுட்டாங்க. அடுத்த திங்கள்கிழமை அந்த நேரத்துக்கு 'பாஸ்வேர்ட்'னு ஒரு வார்த்தை விளையாட்டு வந்துடுச்சு. 1225 எபிசோடு. கதை முடிஞ்சதுன்னு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கணும்.

ரெண்டாவது தடவை: டேப்

நான் பொட்டி தட்டிப் பிழைக்கிற ஆளு. எங்க தொழில்ல ஒரு பாலபாடம் உண்டு. எதுவா இருந்தாலும் மூணு பிரதி, ரெண்டு வகையான சாதனம், அதுல ஒண்ணு வேற ஊர்ல. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு 1960களின் தொலைக்காட்சியைப் பார்த்தா வயிறு கலங்கும்.

அப்போ நிகழ்ச்சிகளைப் பதிவு பண்ணினது 2 அங்குல அகல வீடியோ டேப்பில். யானை விலை. அதனால ஒளிபரப்பு முடிஞ்சதும் அதையே அழிச்சு அடுத்த நிகழ்ச்சியை அது மேலேயே பதிவாங்க. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யலை. தினம் வர்ற சீரியலை மறுபடி யாராவது பார்ப்பாங்கன்னு யாருக்கும் தோணலை, அவ்ளோதான். அந்தக் காலத்துப் பகல்நேர சீரியல்கள்ல பெரும்பகுதி இப்படித்தான் காத்துல போச்சு. இங்கிலாந்தில் பிபிசியின் 'டாக்டர் ஹூ' எபிசோடுகளில் 90க்கு மேல இன்னிக்கும் காணோம். சீரியல் என்ன சீரியல், 1969ல் நிலாவில் மனுஷன் இறங்கினப்போ பதிவான மூல டேப்புகளே அழிக்கப்பட்டிருக்கும்னு 2009ல் நாசா சொல்லுச்சு.

'டார்க் ஷேடோஸ்' பெரும்பாலும் தப்பிச்சது அதிர்ஷ்டம். உரிமை கர்ட்டிஸ் கம்பெனி கையில் இருந்தது, டேப்புகளும் தங்கின. சில எபிசோடுகளுக்கு மட்டும் கலர் டேப் போய், திரையைப் பார்த்து ஃபிலிம் கேமராவில் எடுத்த கருப்பு வெள்ளைப் பிரதிதான் மிச்சம். அதனால கலர்ல போய்க்கிட்டு இருக்கற கதை திடீர்னு ஒரு நாள் கருப்பு வெள்ளை ஆகி, மறுநாள் மறுபடி கலருக்கு வரும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சுத்தமா இல்லை. எபிசோடு 1219. மூடுவிழாவுக்குச் சில வாரம் முன்னாடி, 1971 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. மொத்தமே 1225தானே, இது கடைசிக்கு வெகு பக்கமா இருக்கணுமேன்னு கணக்குப் புலிகள் கேக்கலாம். ஒளிபரப்பு தடைபட்ட நாட்களில் சில சமயம் எண்ணைத் தாண்டிட்டுப் போவாங்க. அதனால கடைசி எபிசோடு எண் 1245. 1219க்கு டேப்பும் இல்லை, ஃபிலிமும் இல்லை.

ஆனா ஒலி இருந்தது. தன் வீட்டில் டேப் ரெக்கார்டர் வச்சு அதைப் பதிவு பண்ணியிருந்தார் ஒரு ரசிகர். 1971ல் வீட்டில் வீடியோ பதிவு பண்ற வசதி சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது, பீட்டாமேக்ஸ் வந்ததே 1975ல். வீட்டில் பிடிச்சு வைக்க முடிஞ்சது குரலை மட்டும்தான். பின்னாடி முழு சீரியலையும் வீடியோவா வெளியிட்டப்போ, அந்த ஒலியையும் புகைப்படங்களையும் சேர்த்து 1219ஐ மறுபடி கட்டினாங்க. 1225க்கும் 1225 கணக்கு நேரானது அந்த ஒரு டேப்பால.

யோசிச்சுப் பாருங்க. சீரியல் இறங்குமுகத்தில் இருக்கு. பர்னபஸே இல்லை. கூட்டம் கலைஞ்சுடுச்சு. அப்பவும் ஒருத்தர் ஒரு சாதாரண வார நாள்ல டிவி பக்கத்தில் பெட்டியை வச்சு பொத்தானை அமுக்கியிருக்கார். கையில் இருக்கறதுதான் உலகத்தோட ஒரே பிரதின்னு அன்னிக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை. நடிகர் பேரெல்லாம் சரித்திரத்தில் இருக்கு. இவர் செஞ்சது ஒரு வரிக் குறிப்பா மட்டும் இருக்கு. எனக்கென்னவோ அந்த ஒரு வரிதான் இந்தக் கதையிலேயே பெரிய வரியாத் தோணுது.

இவர் தனி ஆள் இல்லை. காணாமப் போன 'டாக்டர் ஹூ' எபிசோடு அத்தனைக்கும் ஒலி மட்டும் கிடைச்சிருக்கு, எல்லாம் வீட்டில் பதிவு பண்ணின ரசிகர்களால. நிறுவனம் கைவிட்டதை ரசிகர்கள் காப்பாத்தினது இப்படி ஒரு தடவை, ரெண்டு தடவை இல்லை.

சாகாவரம்

சீரியல் போன பிறகும் கூட்டம் போகலை. 1970களின் நடுவில் ரசிகர்களே தட்டச்சு செஞ்சு, நகலெடுத்து, தபாலில் அனுப்பின பத்திரிகைகள் வர ஆரம்பிச்சது. நடிகர்கள் இப்போ என்ன பண்றாங்க, எந்த ஊர்ல மறு ஒளிபரப்பு வருது, கூடவே ரசிகர்களே எழுதின கதைகள். முதல்ல அறிவியல் புனைகதை மாநாடுகளில் ஒரு ஓரமா கூடினாங்க. 1983ல் இருந்து 'டார்க் ஷேடோஸ் ஃபெஸ்டிவல்'னு தனித் திருவிழாவே நடந்தது. 1980களில் நியூ ஜெர்சி பொதுத் தொலைக்காட்சி மறு ஒளிபரப்பு பண்ணுச்சு. 1989ல் விஎச்எஸ் கேசட் வர ஆரம்பிச்சது. 1992ல் தொடங்கின சை-ஃபை சேனலும் ஒளிபரப்புச்சு.

புதுசா எடுத்துப் பார்த்ததுதான் ராசியில்லை. 1991 ஜனவரியில் என்பிசியில் கர்ட்டிஸே மறுபடி எடுத்தார். ஆரம்பிச்ச அதே வாரம் வளைகுடாப் போர் வெடிச்சது. செய்திக்காக சீரியலை அங்கேயும் இங்கேயும் தள்ளிப் போட்டு 12 எபிசோடில் கதை முடிஞ்சது. 2012 மே மாசம் டிம் பர்ட்டன் இயக்கத்தில் ஜானி டெப் நடிச்ச படம் வந்தது. பழைய நடிகர்கள் நாலு பேர் ஒரு விருந்துக் காட்சியில் தலை காட்டினாங்க, ஃப்ரிட்டும் அதுல ஒருத்தர். படம் வெளியாக சில வாரம் முன்னாடி, ஏப்ரலில், 87 வயசுல அவர் காலமானார். அதே வருஷம் முழு சீரியலும் 131 டிவிடியா, சவப்பெட்டி வடிவப் பெட்டியில் வந்தது. 1219ம் அதுக்குள்ள இருந்தது.

சில வாரத்துக்குன்னு வந்த பாத்திரம், அழிச்சு எழுதறதுக்குன்னே வாங்கின டேப், சலவைப்பொடி விக்கிறதுக்குன்னு ஒதுக்கின அரை மணி நேரம். இதுல எதுவுமே நிலைக்கணும்னு யாரும் திட்டம் போடலை. யாருக்கோ பிடிச்சிருந்தது, அவங்க விடலை. அவ்வளவுதான் காரணம்.

உங்க வீட்டுப் பரண்ல பேர் எழுதாத பழைய கேசட் ஏதாவது கிடந்தா, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க மக்களே.

டிஸ்கி: பார்க்க ஆசைப்படறவங்க எபிசோடு 210ல் இருந்து ஆரம்பிங்க. அதுக்கு முன்னாடி 209 எபிசோடு பெருமூச்சுதான். நான் பார்த்தேன், கஷ்டப்பட்டுத்தான் பார்த்தேன் :-)