வெள்ளி டாலரும் கொள்ளுப்பாட்டியின் ரூபாயும்

பி.காம் படிக்கிற பையன் காசு சேர்க்கிறான் என்றால் எல்லோரும் பேங்கில் போடுகிற காசு என்றுதான் நினைக்கிறார்கள். நான் சேர்ப்பது வேறு காசு. அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர்கள். "அது கோடீஸ்வரன் விளையாட்டுடா" என்று நண்பர்கள் சிரித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. 1794-ல் அடித்த ஒரு வெள்ளி டாலர், 2013 ஜனவரியில் ஏலத்துக்கு வந்து ஒரு கோடி டாலருக்கும் மேல் விலை போனது!

ஆனால் நூறு வயது தாண்டிய இன்னொரு வெள்ளி டாலரை நான் என் டியூஷன் சம்பளத்தில் வாங்கினேன். இரண்டிலும் இருக்கிற வெள்ளி ஏறக்குறைய ஒரே அளவுதான். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? வயதா காரணம்? முழுக்க அது இல்லை. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. 1792-ல் அமெரிக்கா போட்ட நாணயச் சட்டம், ஒரு டாலரில் 371.25 கிரெய்ன் தூய வெள்ளி இருக்க வேண்டும் என்றது. நம் அளவில் சுமார் 24 கிராம். 1935-ல் புழக்கத்துக்கான வெள்ளி டாலர் நின்றுபோகும் வரை இந்த அளவு மாறவில்லை. செம்பு கலந்த மொத்த எடை 26.73 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி.

நடுவில் ஒரு பெரிய தகராறு நடந்தது. 1859-ல் நெவாடா பக்கம் காம்ஸ்டாக் என்ற இடத்தில் வெள்ளி கொட்டிக் கிடப்பது தெரிய வந்தது. அதே காலத்தில் ஜெர்மனி போன்ற நாடுகள் தங்கத்துக்கு மாறித் தங்களிடம் இருந்த வெள்ளியை விற்றன. விலை சரிய ஆரம்பித்தது. 1873-ல் அமெரிக்க அரசு பழைய வெள்ளி டாலர் அடிப்பதை நிறுத்திவிட்டது. சுரங்க முதலாளிகளும் கடனில் மூழ்கிய விவசாயிகளும் இதை "1873-ன் குற்றம்" என்று திட்டினார்கள். விவசாயிக்கு ஏன் கோபம்? நாட்டில் பணம் குறைந்தால் விளைபொருள் விலை இறங்கும், வாங்கிய கடன் மட்டும் இறங்காது. எங்கள் பொருளாதாரப் பாடத்தில் பணச்சுருக்கம் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அங்கே அது பல குடும்பங்களின் வயிற்றுப் பிரச்சினை.

அந்தக் கூச்சலின் விளைவு 1878-ல் வந்த பிளாண்ட்-அல்லிசன் சட்டம். அரசு மாதாமாதம் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புக்கு வெள்ளி வாங்கி டாலராக அடிக்க வேண்டும். ஜனாதிபதி ஹேய்ஸ் கையெழுத்துப் போட மறுத்தார். அவரையும் மீறி நிறைவேற்றினார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'மோர்கன் டாலர்'. வடிவமைத்தவர் ஜார்ஜ் மோர்கன். காசில் இருக்கும் சுதந்திர தேவியின் முகத்துக்கு மாதிரியாக இருந்தவர் அன்னா வில்லியம்ஸ் என்ற பள்ளி ஆசிரியை.

அடித்தார்கள் சரி, யார் பயன்படுத்தினார்கள்? யாரும் இல்லை! இவ்வளவு கனமான காசைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க மக்களுக்கு விருப்பமில்லை. வெள்ளிக்கு ஈடாக அரசு கொடுத்த காகிதச் சான்றிதழே போதும் என்றார்கள். காசுகள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டப்பட்டு அரசின் பெட்டகங்களில் தூங்கின. மொத்தம் 65 கோடிக்கும் மேல் அடிக்கப்பட்ட மோர்கன் டாலரில் பெரும்பகுதியின் கதை இதுதான். என்னைப் போன்ற ஆட்கள் இன்று வாங்க முடிவதற்கு முதல் காரணமும் அதுதான். அன்று யாருக்கும் வேண்டாத காசு என்பதால் தேயாமல் பிழைத்தது.

இனி வருவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்ட இடம்.

முதல் உலகப் போர் நேரம். இந்தியாவிலிருந்து தானியம், சணல், தோல் என்று பிரிட்டனும் நேச நாடுகளும் வாங்கித் தள்ளின. இங்கே விற்றவர்களுக்கு ரூபாய் கொடுத்தாக வேண்டும். அப்போது ரூபாய் என்றால் வெள்ளி. நோட்டைக் கொடுத்தால் ஜனங்கள் அதைக் கொண்டுபோய் வெள்ளி ரூபாயாக மாற்றிக்கொண்டார்கள். வெள்ளியை மிச்சம் பிடிக்க அரசு 1917 நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டும், 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய் நோட்டும் விட்டுப் பார்த்தது. இரண்டணாவை நிக்கல் கலவையில் அடித்தது. அப்படியும் போதவில்லை. கஜானாவில் வெள்ளி தீர்ந்து, நோட்டுக்கு மாற்று இல்லை என்ற நிலை வந்தால் போர் நடுவே என்ன ஆகும் என்று லண்டன் நடுங்கியது.

கைவசம் அவ்வளவு வெள்ளி வைத்திருந்த நாடு அமெரிக்கா. பெட்டகத்தில் தூங்கிய அதே டாலர்கள்! 1918 ஏப்ரல் 23-ல் பிட்மேன் சட்டம் வந்தது. 35 கோடி டாலர் வரை உருக்கலாம் என்று அனுமதி. உண்மையில் உருக்கியது 27 கோடியே 2 லட்சத்து 32 ஆயிரத்து 722 காசுகள். அதில் சுமார் 25 கோடியே 91 லட்சம் காசுகளின் வெள்ளி, ஒரு அவுன்ஸ் ஒரு டாலர் என்ற விலையில் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. போய்ச் சேர்ந்த இடம் இந்தியா.

ஒரு டாலரில் 24 கிராம் வெள்ளி. ஒரு ரூபாயில் சுமார் 10.7 கிராம். அப்படியென்றால் ஒரு டாலரை உருக்கினால் இரண்டேகால் ரூபாய். 25.91 கோடி டாலருக்குப் போட்டுப் பாருங்கள், 58 கோடி ரூபாய் வருகிறது. சென்னையின் நாணயச்சாலை 1869-லேயே மூடப்பட்டுத் தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். அதனால் ரூபாய்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடிக்கப்பட்டன.

இதைப் படித்த அன்று இரவு அம்மாவிடம் கேட்டு, பீரோவில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த கொள்ளுப்பாட்டியின் ரூபாயை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் ஜார்ஜ் தலை. பின்பக்கம் 1919! இந்த ஒற்றைக் காசு அமெரிக்க வெள்ளிதானா என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் அந்த வருடத்து ரூபாய் என்றால் அதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. நான் டியூஷன் எடுத்துத் தேடி வாங்கிய டாலரின் தங்கச்சி, எங்கள் வீட்டு பீரோவிலேயே இருந்திருக்கிறாள் :-)

சரி, டாலருக்குத் திரும்புவோம். உருக்கிய அளவுக்குத் திரும்ப அடிக்க வேண்டும் என்றும் அதே பிட்மேன் சட்டம் சொன்னது. எனவே 1921-ல் மோர்கன் டாலர் மறுபடி வந்தது. அந்த ஒரே வருடத்தில் 8 கோடியே 67 லட்சம் காசுகள். அந்த வருடக் கடைசியில் போர் முடிந்ததன் நினைவாக 'அமைதி டாலர்' தொடங்கியது. 1922-ல் மட்டும் அதை 8 கோடிக்கும் மேல் அடித்தார்கள். இன்று கையைக் கடிக்காமல் கிடைக்கிற டாலர்கள் பெரும்பாலும் இவைதான். அதாவது இந்திய ரூபாய்க்காக உருக்கிய காசுகளுக்குப் பதிலாகப் பிறந்தவை.

இன்னொன்று. எந்த ஆண்டுக் காசுகளை உருக்கினோம் என்று அவர்கள் கணக்கு வைக்கவில்லை. ஆகவே எத்தனை அடித்தார்கள் என்பதை வைத்து எத்தனை மிச்சம் என்று சொல்ல முடியாது. இதில் பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸில் 1903-ல் அடித்த மோர்கன் கிட்டத்தட்ட அழிந்தே போனது என்று நம்பி, புதுக்கருக்கு மாறாத காசுக்கு ஆயிரம் டாலருக்கும் மேல் விலை சொன்னார்கள். 1962 கடைசியில் அரசுப் பெட்டகத்திலிருந்து அந்தக் காசுகள் பைபையாக வெளியே வந்தன. விலை சில பத்து டாலருக்கு விழுந்தது. முதல் நாள் வாங்கியவர் நிலையை நினைத்துப் பாருங்கள். சப்ளை, டிமாண்ட் என்று எங்கள் பேராசிரியர் வருடம் முழுக்கச் சொன்னது எனக்கு இந்த ஒரு கதையில்தான் புரிந்தது.

இனி என் போன்றவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

பேப்பரில் வரும் ஒரு கிராம் வெள்ளி விலையை 24-ஆல் பெருக்குங்கள். அதுதான் டாலரின் அடிமட்ட விலை. அதற்கு மிகவும் கீழே யாராவது கொடுத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். போலிகள் ஏராளம். எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காந்தம் ஒட்டக்கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தாலும் நூறு சதவீதம் உத்தரவாதம் இல்லை. தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வாங்குவது நல்லது.

முதலில் இரண்டே காசு போதும். ஒரு 1921 மோர்கன், ஒரு 1922 அல்லது 1923 அமைதி டாலர். 1921 என்று போட்ட அமைதி டாலரைத் தொடாதீர்கள். அது சுமார் 10 லட்சம்தான் அடிக்கப்பட்டது, விலை எகிறும். பிறகு ஊருக்கு ஒன்றாகச் சேர்க்கலாம். மோர்கனின் பின்பக்கம் மாலை முடிச்சுக்குக் கீழே சின்ன எழுத்து இருக்கும். 'எஸ்' என்றால் சான் பிரான்சிஸ்கோ, 'ஓ' என்றால் நியூ ஆர்லியன்ஸ், 'டி' என்றால் டென்வர், எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. 'சிசி' என்றால் காம்ஸ்டாக் பக்கத்து கார்சன் சிட்டி. அதை வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, தயவுசெய்து காசைத் தேய்க்காதீர்கள். என் முதல் டாலர் கருத்திருக்கிறதே என்று, குத்துவிளக்கோடு சேர்த்து அம்மா அதையும் விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார். பெருமையோடு ஒரு நாணயக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். கடை போட்டிருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "தம்பி, நூறு வருஷத்தைத் தேய்ச்சு எடுத்துட்டியேப்பா. இனி இது வெறும் வெள்ளிதான்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவே தோன்றவில்லை. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவும் இல்லை.

அந்த டாலரை விற்கவில்லை. விற்றால் 24 கிராம் வெள்ளியின் விலைதான் வரும். கொள்ளுப்பாட்டியின் ரூபாயோடு அதே மஞ்சள் துணியில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு பீரோவிலும் 1918, 1919 ரூபாய் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆனால் விபூதி வேண்டாம்.