வன்னியின் படைமண்டலக் காற்றலைவும் மீள்பகுப்பாய்வுத் தரவுகளும்

நிலநடுக்கோட்டை ஒட்டிய படைமண்டலத்தில் கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும் சராசரியாக 28 மாதங்களுக்கு ஒரு சுற்றாக மாறிமாறி வீசுவது ஈராண்டு அலைவு (கியூபிஓ) எனப்படும். மாற்றம் உயரத்தில் தொடங்கி, மாதத்துக்கு ஏறத்தாழ 1 கிலோமீற்றர் வீதம் கீழிறங்கும். இலங்கையில் 9° வட அகலக்கோட்டை ஒட்டிய கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் அடங்கிய வன்னியின் வானும் இதற்குள் அடங்கும். நடுக்கோட்டிலுள்ள அளவு வேகம் மட்டும் இங்கு இராது.

இக்காற்றின் முதற் சான்றுகளுள் ஒன்று இலங்கையில் கண்ணால் கண்டது. 1883 ஓகஸ்ட் 27இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த தூசி, மேற்குநோக்கி விரைந்து, சுமார் இரண்டு வாரத்தில் பூமியைச் சுற்றியது. செப்டெம்பரில் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. ஆனால் காற்று திசைமாறுவதை எப்டன், ரீட் ஆகியோர் 1960, 1961ஆம் ஆண்டுகளில்தான் பலூன் அளவீடுகளிலிருந்து கண்டறிந்தனர்.

மீள்பகுப்பாய்வு என்பது பழைய அவதானிப்புகளைக் கணினி மாதிரியோடு இணைத்து வளிமண்டலத்தை மீளக் கட்டுவது. இத்தகைய தொகுப்புகளுள் ஒன்றான என்சிஇபி–என்காரின் கட்டம் 2.5° அகலம், சுமார் 275 கிலோமீற்றர். வன்னி முழுவதையும் விடப் பெரியது. அதில் 28 உயர அடுக்குகளே உள்ளன. அலைவின் வீச்சும் குறைவாகவே தெரிகிறது. ஈஆர்ஏ5இல் 137 அடுக்குகள், சுமார் 31 கிலோமீற்றர் இடைவெளி. ஜேஆர்ஏ-55இல் 60 அடுக்குகள். மெர்ரா-2இன் மாதிரி, வளிமண்டல ஈர்ப்பலைகளின் இழுவையைக் கணக்கில் எடுத்து இவ்வலைவைத் தானே உருவாக்கவல்லது.

அடுக்கு கூடினால் மட்டும் போதாது. இவ்வலைவை இயக்கும் அலைகளிற் பல மாதிரிக் கட்டத்துக்குள் அடங்காத அளவு சிறியவை. ஆகவே பலூன் அளவீடே தரவைத் திருத்தி வைக்கிறது. கவதானியும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஒப்பீடு இதைத் தெளிவாகக் காட்டியது: நாள்தோறும் பலூன் ஏறும் சிங்கப்பூரைச் சூழ்ந்த பகுதியில் தொகுப்புகள் ஒத்துப்போகின்றன, பலூன் நிலையங்கள் அரிதான பெருங்கடற் பரப்பில் பிரிகின்றன. காற்று திசைமாறும் மாதங்களில் வேறுபாடு மேலும் பெரிது. எனவே வன்னிக்கு மேலுள்ள காற்றை ஆராய்பவர் ஒரே தொகுப்பை நம்புவது தவறு. காரைக்கால், திருவனந்தபுரம் போன்ற அண்மை நிலையங்களின் பலூன் பதிவுகளோடு ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும்.

இக்காற்று வன்னியின் இரணைமடுக் குளத்தை நேரடியாக நிரப்புவதில்லை. ஆயினும் கிழக்குக் காற்று வீசும் கட்டத்தின்போது, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை, வெப்பமண்டல மழையைப் பாதிக்கும் மேடன்–ஜூலியன் அலைவு வலுப்பதாக 2016 முதல் ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மாதங்கள் வன்னியில் காலபோக நெல் வயலில் நிற்கும் காலம்.