பருத்திமாரும் பூச்சிக் கணக்கும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் காடுகளில், ஐப்பசி மழையை நம்பி விதைத்துப் பங்குனியில் எடுத்துவந்த கருங்கண்ணிப் பருத்தியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், பஞ்சின் விலையையும் ஆலைகளின் விருத்தியையும் விஸ்தாரமாகச் சொல்வார்களேயன்றி, குடியானவனோடு அந்த மகசூலைப் பங்குபோட்டுக்கொண்ட இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைப் பற்றி ஒரு வரிக்கு மேல் சொல்வதில்லை. 1842-இல் புரோச் பக்கத்துப் பருத்தியில் கண்டெடுக்கப்பட்டு, மறு ஆண்டு சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயரால் வர்ணிக்கப்பட்ட அப்பூச்சி, காய்க்குள்ளேயே வளர்ந்து, இரண்டு விதைகளை ஒன்றாகப் பிணைத்து அவற்றின் நடுவே உறங்கிக் காலம் கடத்துவதால், மேலே தெளிக்கும் மருந்து எதுவும் அதனை எளிதில் எட்டுவதில்லை.

அது உறங்கும் இடமோ, அடுப்பெரிக்கவென்று வீட்டுக் கொல்லையில் படப்பாக அடுக்கும் பருத்திமாரில் ஒட்டிக்கிடக்கும் சொத்தைக் காய். சென்னை சர்க்கார், 1919-இல் இயற்றிய பயிர்ப்பூச்சி நோய்ச் சட்டத்தின் பலத்தைக் கொண்டு, கம்போடியா என்னும் ரகப் பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் வேரோடு பிடுங்கிவிட வேண்டுமென்று உத்தரவிட்டது இதனால்தான். உத்தரவு நியாயமானதே; ஆனால் சித்திரையில் ஒரு மழை பெய்தால் அதே செடி மறுபடி துளிர்த்து நாலு காய் கொடுக்கும் என்று காத்திருப்பவனிடமும், வருஷம் முழுவதற்கும் வேறு விறகில்லாத அவன் மனைவியிடமும் அதைச் சொல்லிப் பார்த்த அதிகாரிகளின் பாடு எளிதாக இருந்திராது.

பூச்சியைப் பூச்சியைக் கொண்டே ஒழிக்கலாம் என்ற யுக்தி, அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த எட்வர்ட் நிப்ளிங், கால்நடைகளின் புண்ணில் முட்டையிடும் ஒருவகை ஈயைப் பற்றிச் சிந்தித்ததன் பலனாகப் பிறந்தது. பெண் ஈ பெரும்பாலும் ஆயுளில் ஒரு தடவையே கூடுவதால், கிரணங்களால் மலடாக்கிய ஆண் ஈக்களை ஏராளமாகப் பறக்கவிட்டால் அவ்வினம் தானே அற்றுப்போகும் என்று அவர் கருதியது, 1954-இல் குராசோ தீவில் பலித்தது. மறு ஆண்டு அவர் வெளியிட்ட கணக்கு, கணித ஞானம் அதிகமில்லாதவரும் தொடர்ந்து செல்லக்கூடியது. பெண் பத்து லட்சமும் ஆண் பத்து லட்சமும் உள்ள இடத்தில், தலைமுறைதோறும் இருபது லட்சம் மலட்டு ஆண்களை விடுவோமானால், மூன்றில் ஒரு பெண்ணுக்கே சந்ததி உண்டாகும், இயற்கையில் பெருக்கமில்லை என்று கொண்டால், அடுத்த தலைமுறையில் 3,33,333 பெண்கள், பிறகு 47,619, பிறகு 1,107, அதன்பின் ஒன்றுகூட மிஞ்சாது. மருந்து எப்பொழுதும் ஒரே விகிதத்தில் கொல்ல, இம்முறையோ பகை குறையக் குறைய வலிமை பெறுகிறது.

ஆயினும் பூச்சி தலைமுறைக்கு ஐந்து மடங்கு பெருகுமானால், இருக்கும் ஆண்களைப்போல் நான்கு மடங்கு மலட்டு ஆண்களை விட்டாலும் தொகை இருந்தபடியே இருக்கும். ஆகவே ஆரம்பத்தில் எத்தனை பூச்சி என்பதே இக்கணக்கின் உயிர்நிலை. அதை நிர்ணயிப்பது படப்பில் உறங்கும் புழு.

நம் தேசத்தில் இம்மாதிரி முயற்சி கொசுவின் விஷயத்தில் 1969-இல் தில்லியில் தொடங்கி, உயிரியல் யுத்தத்திற்கான ஒத்திகையோ என்ற சந்தேகம் பத்திரிகைகளிலும் பார்லிமென்டிலும் கிளம்பியதால், 1975-இல் முடிவுற்றது. காய்ப்புழுவின் மீது அதைப் பிரயோகித்தவர்கள் அமெரிக்கர்களே. 1968 முதல் கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில், அப்புழு வளர்ந்து ஆகும் அந்துகளை மலடாக்கிப் பறக்கவிட்டார்கள். பொறியில் அகப்படுவது எந்த அந்து என்று தெரிய, வளர்க்கும் தீனியிலேயே சிவப்புச் சாயம் கலந்தார்கள். அரிசோனாவில், புழுவைக் கொல்லும் பி.டி. பருத்தியை எதிர்த்துப் பிழைக்கும் புழுக்கள் பெருகாமல் தடுக்க மலட்டு அந்துகள் உதவும் என்பதைக் கணிப்பொறி மாதிரிகளில் முதலில் சோதித்து, 2006 முதல் 2009 வரை இருநூறு கோடிக்கு மேற்பட்ட அந்துகளை விட்டார்கள். புழு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் குறைந்தது. 2018-இல் அமெரிக்கப் பருத்தி நிலங்களில் அது ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது. 2002-இல் பி.டி. பருத்தியை ஏற்ற இந்தியாவிலோ, சில ஆண்டுகளுக்குள் குஜராத்தில் அதை எதிர்க்கும் புழுக்கள் தலைகாட்டின.

அரிசோனாவின் வெற்றியைச் சொல்லும்போது அந்துகளைத் தூவிய ஆகாய விமானங்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அந்துகளைப் பறக்கவிட்ட அதே ஆண்டுகளில், அறுவடை முடிந்த பருத்திச் செடியைக் குறித்த நாளுக்குள் உழுது புதைத்துவிட வேண்டுமென்ற சட்டமும் அங்கே அமலில் இருந்தது.