மரப் புனலும் மலைக் குரலும்

திம்புள்ளப் பகுதியிலே, சுற்றுலா விடுதியாகிவிட்ட பழைய துரை பங்களா ஒன்றின் முன்கூடத்தில் ஒரு கிராமபோனைக் கண்டோம். மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிப் பூவிதழ்போல் விரித்த புனல். பெட்டியின் பக்கத்தே சாவி கொடுக்கும் கைப்பிடி. உடன் வந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், எங்கள் அம்மாயி பாடுகிற தாலாட்டு இதிலே கேட்குமா?" இக்கேள்விக்கு விடை கூற, அக்கருவியின் வரலாற்றையே கூறியாக வேண்டும்.

1877இல் எடிசன் உருளையில் ஒலியைப் பதித்தார். 1887இல் எமில் பெர்லினர் உருளைக்கு மாற்றாகத் தட்டையான வட்டத்தட்டைக் கொணர்ந்தார். ஒரே அச்சிலிருந்து ஏராளமான படிகள் எடுக்க முடிந்தது. மனிதக் குரல் சந்தைப் பண்டமாயிற்று. கருவிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. சுருள்வில் தட்டைச் சுழற்றும். ஊசி வரித்தடத்தில் ஓடி ஒரு மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். அவ்வதிர்வைப் புனல் அறைக்காற்றிலே பரப்பும். தகரப் புனலின் கணகணப்பு மரப் புனலில் அடங்கி ஒலிக்கும்.

இசைத்தட்டோ கல்தூளையும் கரியையும் அரக்கினால் பிணைத்துச் செய்யப்பட்டது. சோட்டா நாகபுரிக் காடுகளில் முண்டா, ஓராவோன் முதலிய பழங்குடி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சேகரித்த அரக்கு உலகச் சந்தைக்குச் சென்றது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டை பிரெட் கெய்ஸ்பர்க் பதிவு செய்தார். பாடி முடித்ததும் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாகித் திரும்பின. 1908இல்தான் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை எழுந்தது. தேயிலையின் கதையும் இதுவே அன்றோ? கொழுந்து பறித்த கை ஒன்று. கோப்பை ஏந்திய கை வேறொன்று.

கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. கே. பி. சுந்தராம்பாளின் தேசியப் பாடல்கள் இசைத்தட்டேறி விடுதலை வேட்கையை வளர்த்தன. எனினும் கும்பெனிகள் தேடியது விலைபோகும் குரலை. லயத்துப் பெண்ணின் தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடி மலையேறி வர அவற்றுக்கு வணிகக் காரணம் ஏதுமில்லை.

அப்பணியை வேறு சிலர் செய்தனர். கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் நடுவே பாடினார். தம் பாடல்களை 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக வெளியிட்டார். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. சட்டம் மறுத்த வாழ்வுக்கு அப்பாடல்கள் சான்று கூறின. காடழித்ததும், கங்காணியின் அதட்டலும், மண்ணில் புதைத்த பிள்ளையின் நினைவும் அவற்றிலே உள்ளன.

மாணவிக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "இதிலே கேட்காது, அம்மா. அந்தப் பாட்டு உன் வீட்டிலேயே இருக்கிறது. இன்று கைப்பேசியே அதைப் பதிந்துகொள்ளும். பாட்டோடு நின்றுவிடாதே, அம்மாயியின் பெயரையும், அவர் கொழுந்தெடுத்த தோட்டத்தின் பெயரையும் அவரையே சொல்லச் சொல்."

கௌஹர் ஜான் தம் பெயரைச் சொன்னதனால் அத்தட்டு யாருடையதென உலகம் அறிந்தது. நம் அம்மாயிமாரின் பெயர்களும் அவ்வாறே அறியப்பட வேண்டும். ஆசிரியர்களாகிய நமக்கு இதைவிட அவசரமான வரலாற்றுப் பாடம் வேறில்லை. பாடத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.