கடைப் பொடியன்கள் சாப்பிட்ட நூடுல்ஸ்

ஜே.ஆர். ஜயவர்தன சென் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜப்பானுக்காகப் பேசியது 1951 செப்டெம்பரில். இதைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் சொல்வார்கள். அதே 1951இல் டோக்கியோவின் நகானோ பகுதியில் தைஷோகென் என்றொரு சின்ன நூடுல்ஸ் கடை திறக்கப்பட்டது. அது எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது. எனக்கென்னவோ அந்தக் கடையும் வரலாறுதான்.

ராமென் ஜப்பானியர்களின் பழைய சாப்பாடு என்று நினைக்கிறோம். இல்லை. 1910இல் டோக்கியோவின் அசகுசாவில் ரைரைக்கென் என்ற கடை திறந்தபோது, சமைப்பதற்கு யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையற்காரர்களைத்தான் கூட்டி வந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு அரிசிக்குப் பஞ்சம். அமெரிக்காவிலிருந்து கோதுமை மா வந்து இறங்கியது. பசித்த நகரத்துக்கு ஒரு கோப்பை சூடான நூடுல்ஸ் பெரிய ஆறுதல்.

நகானோ கடையில் வேலை செய்தவர் கசுவோ யமகிஷி. 1934இல் நகானோ மாகாணத்தில் பிறந்தவர். (மலைநாட்டு மாகாணத்துக்கும் அந்த டோக்கியோப் பகுதிக்கும் நம் எழுத்தில் ஒரே பெயர். ஜப்பான் மொழியில் வேறு வேறு.) கடை முதலாளி அவருடைய உறவுக்காரர்.

அந்தக் காலத்துக் கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. நூடுல்ஸை அவித்து ஒவ்வொரு கோப்பையாகப் பிரிக்கும்போது வடிகூடையில் கொஞ்சம் மிஞ்சும். அதைச் சேர்த்து வைப்பார்கள். வியாபாரம் ஓய்ந்ததும் வேலையாட்கள் ஒரு தேநீர்க் கோப்பையில் சூப்பும் சோயா சோஸும் ஊற்றி, ஆறிய நூடுல்ஸை அதில் தொட்டுச் சாப்பிடுவார்கள். மீதிச் சாப்பாடு, அவ்வளவுதான்.

யமகிஷி அப்படிச் சாப்பிடுவதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். அவர் அதற்கென்று ஆணத்தைத் திருத்தினார். கொஞ்சம் சீனி, கொஞ்சம் வினாகிரி, கொஞ்சம் மிளகாய் போட்டார். 1955இல் 40 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. இன்று ட்சுகெமென் என்கிறார்கள், தொட்டுச் சாப்பிடும் நூடுல்ஸ் என்று பொருள். அவித்த நூடுல்ஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசுவதால் அது குழையாமல் உறுதியாக இருக்கும். தொடுகிற சூப்பு மட்டும் தனியாக, காரசாரமாக வரும். சாப்பிட்டு முடிந்ததும் மிஞ்சிய சூப்பில் சுடச்சுட வெறும் ரசம் ஊற்றித் தருவார்கள். அதைக் குடித்துவிட்டு எழும்ப வேண்டியதுதான்.

(பன்றி எலும்பு சேர்வதால் பெரும்பாலான கடைகள் நமக்குச் சரிவராது. அசகுசாவில் ஹலால் ராமென் கடை இருக்கிறது. வாகன வியாபாரத்துக்குப் போகிறவர்கள் விசாரியுங்கள்.)

1961இல் யமகிஷி ஹிகாஷி இகெபுகுரோவில் சொந்தமாக ஒரு தைஷோகென்னைத் திறந்தார். சின்னக் கடை, வெளியே நீண்ட வரிசை. ஆசிரியராக எனக்கு அவரில் பிடித்தது ஒன்று. நம்மூரில் புரியாணிப் பக்குவத்தை மருமகனுக்குக்கூடச் சொல்லாமல் மௌத்தாகிறவர்கள் உண்டு. இவர் தேடி வந்தவர்களுக்கெல்லாம் தொழிலை ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட சீடர்கள். பலர் அதே பெயரிலேயே கடை போட்டார்கள்.

பிறகு அந்த வட்டாரத்தை இடித்து உயரமான கட்டடங்கள் எழுப்பத் திட்டம் வந்தது. 2007 மார்ச்சில் கடையை மூடினார்கள். கடைசி நாளில் சனம் தெருவை நிறைத்து நின்றது. அடுத்த வருடமே சீடர் ஒருவர் பக்கத்தில் அதே பெயரில் மீண்டும் திறந்தார். யமகிஷி அதைக் கண்ணால் பார்த்தார். 2015 ஏப்ரலில், 80 வயதில் காலமானார்.